காரின் உயரத்தைக் குறைத்தால் மலைப்பாதையில் என்ன ஆகும்? ஒரு ஷாக் அப்சார்பர் கணக்கு

சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வார இறுதியில் சொந்த காரில் திருப்பதிக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். பெங்களூரு வழியில் பலமநேரைத் தாண்டியதும் மொகிலி மலை இறக்கம், பிறகு சித்தூர். திருப்பதியிலிருந்து மேலே ஏற திருமலை மலைப்பாதை. ஸ்டைலுக்காக காரைத் தாழ்த்தியிருக்கிறீர்களா, இல்லை அப்படி ஒரு ஆசை இருக்கிறதா? அப்போ கிளம்பும் முன் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

கிட் கார் எதற்கு உதாரணம்?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். பிரிட்டனில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதில் பிரபலம். அதே சாயலில் மகாராஷ்டிராவின் அலிபாக்கில் சின்காரா நிறுவனம் ரோட்ஸ்டர் காரைத் தயாரித்தது. இந்த மாதிரி கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். எந்த உயரத்தில் நிறுத்துவது என்று பூட்டுகிறவரே முடிவு செய்ய வேண்டும். அதனால் விஷயம் எளிதாகப் புரியும்.

உயரத்தை முடிவு செய்வது எது?

பலரும் ஷாக் என்று நினைக்கிறார்கள். உண்மையில் காரைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங். காரின் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு, ஸ்பிரிங் உட்காரும் இடம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது.

ஆனால் ஷாக்குக்கு ஓர் எல்லை உண்டு. முழுக்க நீண்டதற்கும் முழுக்க அமுங்கியதற்கும் இடையில் உள்ள தூரம்தான் அதன் ஓட்டம். கார் நிற்கும்போது அதில் ஒரு பகுதி ஏற்கனவே செலவாகியிருக்கும். மேட்டில் ஏறும்போது அமுங்க மிச்சம் வேண்டும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க நீளவும் இடம் வேண்டும்.

மில்லிமீட்டரில் பார்ப்போம்

இது ஒரு கற்பனைக் கணக்கு. ஷாக்கின் மொத்த ஓட்டம் 100 மி.மீ. ஆளில்லாமல் கார் நிற்கும்போது 40 அமுங்கிவிட்டது, 60 மிச்சம். ஷாக் சாய்வாகப் பூட்டப்பட்டிருப்பதால் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் 7 மி.மீ. தான் அமுங்கும். ஆக சக்கரம் சுமார் 86 மி.மீ. வரை ஏறலாம். தாராளமான இடம்.

இப்போது காரை 40 மி.மீ. தாழ்த்துகிறீர்கள். ஷாக் கூடுதலாக 28 அமுங்கும், மிச்சம் 32. முடிவில் இருக்கும் ரப்பர் தடுப்பு, அதாவது பம்ப் ஸ்டாப், 20 மி.மீ. கனம் என்றால் அதைத் தொடும்வரை வெறும் 12. சக்கரக் கணக்கில் சுமார் 17 மி.மீ.

இரண்டு பேர் ஏறி, பையும் வைத்தால் கார் 20 மி.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்வளவுதான். வண்டி கிளம்பும் முன்பே ரப்பரைத் தொட்டாச்சு!

மலைப்பாதையில் ஏன் ஆபத்து?

திருமலையில் 1944-ல் போட்ட முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. ஏறுவதற்கு 1974-ல் வந்த இரண்டாவது பாதை. வேகத்தைக் கட்டுப்படுத்த, ஏற குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று விதி இருக்கிறது. இறங்கும்போது பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்ந்து முன் ஷாக்குகள் மேலும் அமுங்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மீதும் பாரம் கூடும். அந்த நேரம் மிச்சம் இல்லையென்றால், அடி நேராக பாடிக்குப் போகும், டயரின் பிடி சட்டென்று குறையும்.

அப்படின்னா காரை உயர்த்திவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. கனமான காரின் ஸ்பிரிங்கை இலகுவான கிட் காரில் போட்டால், ஷாக் கிட்டத்தட்ட முழுசா நீண்ட நிலையிலேயே நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமிருக்காது. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஷாக்கின் தண்டு வெளியே தெரிந்தால், அதன் அடியில், ஷாக் உடலை ஒட்டி ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டுங்கள். வழக்கமான சுமையோடு வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து, டை எங்கே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் வரைக்கும் போயிருந்தால் உங்களுக்கு மிச்சம் இல்லை என்று அர்த்தம். ஸ்பிரிங்கை வெட்டச் சொல்லும் யோசனையைத் தவிருங்கள்.

சட்டமும் கவனம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மெக்கானிக்கிடம் அடுத்த முறை "எவ்வளவு இறக்கலாம்?" என்று கேட்காதீர்கள். "நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஷாக்கில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" என்று கேளுங்கள்.