உஷார்! கிசான் பணம் பெயரில் ஒரு தூண்டில்

"உங்கள் பிஎம் கிசான் தவணை நிறுத்தப்பட்டுள்ளது. இன்றே கேஒய்சி முடிக்கவும்." வாட்ஸ்அப்பில் இப்படியொரு செய்தியும், அதன் கீழே ஒரு செயலிக் கோப்பும் வந்தால், விரலை எடுத்துவிடுங்கள். அதைத் தொடவே தொடாதீர்கள்!

பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக நேரே வங்கிக் கணக்கில் ஏறுகிறது. உர மூட்டைக்கும் நடவுக் கூலிக்கும் அந்த ரெண்டாயிரத்தை எதிர்பார்த்திருப்பவருக்கு, தவணை நின்றுவிட்டது என்றால் பதறத்தான் செய்யும். திருடன் குறிவைப்பது அந்தப் பதற்றத்தைத்தான்.

கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடியும். அரசு முத்திரையும் பிரதமர் படமும் இருக்கும். நிறுவியதும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் கைக்குப் போய்விடும். பிறகென்ன? நெல் விற்ற பணம், நகைக்கடன் பணம் என்று கணக்கில் கிடப்பதெல்லாம் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்த செய்தி என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். அவர் போனே திருடன் வசமாகியிருக்கலாம்.

ஆபத்து போனில் மட்டும் இல்லை. 2020-ல் நடந்ததை மறந்துவிடக் கூடாது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில், நிலமே இல்லாதவர்களும் லட்சக்கணக்கில் இதே திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரித்தது, ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், கைதுகளும் நடந்தன. 'கொரோனா நிவாரணம்' என்ற சொல்லை நம்பி, ஆதாரையும் பாஸ்புக்கையும் தரகரிடம் கொடுத்த ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. இடையில் தரகர்கள் கமிஷனும் வாங்கியிருந்தார்கள்.

அதனால், இவற்றை மனதில் வையுங்கள்:

* கேஒய்சி முடிக்க வழி மூன்றே: அரசு இணையதளத்தில் ஓடிபி, பொதுச் சேவை மையத்தில் கைரேகை, அரசின் செயலியில் முகப்பதிவு. செயலியை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.
* பிஎம் கிசான் அரசுத் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் மூடிவிடுங்கள்.
* தவணை வரவில்லையா? 155261 என்ற உதவி எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.
* "பெயரைச் சேர்த்துத் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரிடம் ஒரு நகல்கூடக் கொடுக்காதீர்கள்.
* அந்தச் செயலிக் கோப்பைத் தெரியாமல் தொட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போனின் இணையத்தை அணையுங்கள். வேறொரு போனிலிருந்து உடனே 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, ஊரில் இருக்கும் அப்பாவின் போனை வாங்கிப் பாருங்கள். இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்: அரசுப் பணம் வந்து சேர யாருக்கும் ஓடிபி சொல்லத் தேவையில்லை. கேட்கிறவன் திருடன்!