கழுத்துக் கட்டிக்குள் ஒளிந்திருக்கும் 'ஆசாமி'!

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் பிடிபடுகிறது

கழுத்தில் தைராய்டு கட்டி. "சாதாரணக் கட்டிதாம்மா, பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி குத்தி எடுத்த சோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கட்டி பெரிசு. சோறு விழுங்க முடியவில்லை. மூச்சு முட்டுகிறது. ஆபரேஷன் நடந்தது. கட்டி போச்சு!

சில நாள் கழித்து ஒரு சீட்டு வருகிறது. அதில் 'புற்றுநோய்' என்று எழுதியிருக்கிறது!

இப்படி நடப்பது அபூர்வம் அல்ல. சாதாரணக் கட்டி என்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 15 பேர் வரை இப்படிச் சிக்குவதாகப் பல ஆஸ்பத்திரிக் கணக்குகள் சொல்கின்றன.

கஞ்சா தேடிப் போன போலீசார் கையில் கள்ளநோட்டு சிக்கிய மாதிரிதான்!

முன்னாடியே ஏன் தெரியவில்லை?

தைராய்டு சுரப்பி, தொண்டைக்கு முன்னால் பட்டாம்பூச்சி போல உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே கட்டியும் இருக்கலாம், கொத்தாகப் பல கட்டிகளும் இருக்கலாம். ஊசி குத்துவது பெரும்பாலும் பெரிய கட்டியில். பக்கத்தில் அரிசி மணி அளவில் ஒன்று பதுங்கி இருந்தால் ஊசிக்கு எப்படித் தெரியும்?

'பாலிக்குலர்' என்று இன்னொரு வகை. இது நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று ஊசியை வைத்துச் சொல்லவே முடியாது. கட்டியின் உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கட்டி முழுசாக வெளியே வந்தாக வேண்டும்.

வெட்டி எடுத்த சதை பார்மலினில் ஊறுகிறது. பிறகு அதை மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கடைசித் தீர்ப்பு அங்கேதான்!

அதிபருக்கே நடந்த தலைகீழ் கதை

அர்ஜென்டினா நாட்டின் அதிபராக இருந்த கிறிஸ்டினா பெர்னாண்டஸ் அம்மையாருக்குத் தைராய்டு புற்றுநோய் என்று 2011 டிசம்பரில் அறிவித்தார்கள். 2012 ஜனவரி 4-ந் தேதி ஆபரேஷன். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். மூன்றே நாளில் முடிவு வந்தது. புற்றுநோயே இல்லை!

ஊசிச் சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. 1985-ல் பின்லாந்தில் 101 பேரின் தைராய்டைப் பிரேதப் பரிசோதனையில் சீவிப் பார்த்தார்கள். 36 பேரிடம் குட்டிப் புற்று இருந்தது! உயிரோடு இருந்தவரை அது வெளியே தெரியவே இல்லை.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியில், 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, அபாயக்குறி இல்லாத புற்றை அறுக்காமலே கண்காணிக்கும் முறையை 1993-லேயே தொடங்கிவிட்டார்கள்.

ஆபரேஷனில் தற்செயலாகச் சிக்குவதும் பெரும்பாலும் இந்த அளவுதான். சுரப்பிக்குள்ளேயே அடங்கி, எங்கும் பரவாமல் இருந்தால், பாதிச் சுரப்பியை எடுத்ததே பொதுவாகப் போதும். அப்புறம் கண்காணிப்புதான்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி இல்லை. புற்று பெரிசாக இருந்தாலோ, உறையை உடைத்திருந்தாலோ, ரத்தக்குழாயிலோ நெறிக்கட்டியிலோ புகுந்திருந்தாலோ கதை வேறு. இரண்டாவது ஆபரேஷன், கதிரியக்க அயோடின் சிகிச்சை என்று போக வேண்டி வரலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சீட்டை வாங்காமல் போகாதீங்க!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இந்தச் சீட்டு பெரும்பாலும் வந்திருக்காது. "தையல் பிரிச்சாச்சு, ஊருக்குப் போகலாம்" என்று வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிவிட்டால், சேதி ஆஸ்பத்திரி பைலுக்குள்ளேயே தூங்கும்!

சீட்டை வாங்கி, டாக்டரிடமே கேளுங்கள். புற்று இருக்கிறதா? எத்தனை மில்லிமீட்டர்? என்ன வகை? உறை உடைந்திருக்கிறதா? நெறிக்கட்டிக்குப் போயிருக்கிறதா? சந்தேகம் இருந்தால் அதே கண்ணாடித் தகட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டவும் வழி இருக்கிறது.

வீட்டில் யாராவது கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால், இன்று ராத்திரியே பழைய ஆஸ்பத்திரிப் பையைத் தேடிப் பாருங்கள். அந்தச் சீட்டு அதில் இருக்கிறதா?