முலாம் நகை: முறையைத் தேர்வது எப்படி?

ஆந்திர மாநிலம் மசூலிப்பட்டினத்தைச் சார்ந்த சிலகலபூடி, முலாம் நகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊராகும். இத்தகைய சிறுதொழிற்கூடங்களில் வாடிக்கையாளர் கோரும் வடிவில் நகை செய்யும்போது, முலாம் பூசும் முறையே விலையையும் ஆயுளையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

முறைகளில் முக்கியமானவை மூன்று. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சூடேற்றும் பழைய முறையில் எழும் ஆவி, தொழிலாளரின் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் கெடுக்கும். அதனைக் கைவிடுவதே நலம். பித்தளையின்மேல் தங்கத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இணைத்து உருட்டும் ரோல்டுகோல்டு நெடுநாள் உழைக்கும். எனினும், தகட்டாலும் கம்பியாலும் ஆகும் நகைகளுக்கே அது ஏற்றது. நுண்ணிய வேலைப்பாடுள்ள நகைகளுக்கு மின்முலாமே பொருந்தும்.

மின்முலாமில் தடிப்பே முக்கியம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1 மைக்ரான் தடிப்புக்குச் சுமார் 2 மில்லிகிராம் தங்கம் தேவை. அரை மைக்ரானுக்கும் குறைந்த பூச்சு காதணிக்குப் போதலாம். உராய்வுக்கு உள்ளாகும் மோதிரத்துக்குப் போதாது. அடியிலுள்ள செம்பு தங்கத்தினுள் ஊடுருவி நிறம் மங்காதிருக்க, இடையே நிக்கல் பூசுவர். நிக்கல் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்குமாதலின், அவர்களுக்குப் பல்லேடியம் பூசலாம்; செலவு கூடும். தடிப்பையும் இடைப்பூச்சையும் எழுதித் தருவது வாங்குவோரின் நம்பிக்கையை வளர்க்கும்.

தங்க முலாம் தொட்டிகளில் பெரும்பாலும் சயனைடு உப்புகளே பயன்படுகின்றன. அவற்றுடன் அமிலம் கலந்தால் உயிர்கொல்லும் வாயு எழும். கழிவுநீரைக் காரநிலையில் குளோரினால் நச்சு நீக்கிய பின்னரே வெளியேற்றுதல் வேண்டும். தனிக்கூடத்தால் தாங்கவியலாத இச்செலவை, கூட்டுறவு முறையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.