சேதமில்லாத சரக்குக்கும் செலவு வரும்

"கப்பல் மூழ்கினால்தானே காப்புறுதி?" என்று கேட்ட வியாபாரிகளில் நானும் ஒருவன். அந்த எண்ணத்தை மாற்றியது 'எவர் கிவன்' கப்பல்.

2021 மார்ச் 23இல், 400 மீற்றர் நீளமான அக்கப்பல் சுயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கியது. ஆறு நாட்களில் மீட்டார்கள். ஆனால் நட்டஈட்டுத் தகராறினால் ஜூலை 7 வரை எகிப்து அதைப் போகவிடவில்லை. இதற்கிடையில் கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் எவரேஜ்' அறிவித்தார். அதாவது, பொது ஆபத்திலிருந்து மீட்க ஏற்பட்ட செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் அவரவர் பெறுமதிக்கேற்பப் பங்கிட வேண்டும். சரக்கில் ஒரு கீறல்கூட விழாதவரும்தான்! புயலில் ஒருவருடைய மூட்டையைக் கடலில் எறிந்து கப்பலைக் காப்பாற்றினால், அந்த நட்டத்தில் மற்றவர்களும் பங்கேற்க வேண்டும் என்ற பண்டைய ரோட்ஸ் தீவின் கடல் வழக்கம் இது. நியாயந்தான்.

காப்புறுதி இருந்தால் கம்பனி உத்தரவாதம் கொடுக்கும். இல்லாவிட்டால் நாமே காசை வைப்பிலிட்டால்தான் கொள்கலன் கைக்கு வரும். நம்மில் பலர் வாங்கும் 'சி அன்ட் எஃப்' விலையில் காப்புறுதி சேராது. இத்தனைக்கும், ஆகக் குறைந்த 'சி' வகைக் காப்புறுதியே இந்தப் பங்கை ஏற்கும்.

இச்செய்தியை வாசித்த நாளில் எனது கொள்கலன் ஒன்று, காப்புறுதி இல்லாமல், வேறொரு கப்பலில் நடுக்கடலில் இருந்தது. அது கொழும்புக்கு வந்து சேரும்வரை எனக்குச் சரியான தூக்கமில்லை.