ஆலோசனையும் அதிகாரமும்: அரசாட்சியிற் சபைகளும் ஆணைக்குழுக்களும்

குடியியல் வகுப்பொன்றிலே இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, ஆணைக்குழு கூறியதை அரசாங்கம் ஏற்காதுவிடின் நேர்வது யாதென வினவினான். பெரும்பாலும் ஒன்றும் நேராது என்பதே சட்டத்தின்படி அவனுக்குக் கூறத்தக்க விடை. அவ்விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை. கூறிய எமக்கும் நிறைவளிக்கவில்லை. ஒன்றும் நேராதெனின் ஆணைக்குழுக்கள் எற்றுக்கு? ஆண்டுதோறும் அவை புதிது புதிதாய்த் தோன்றுதல் எதனால்? இவ்வினாக்களை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவன் அறிவு எல்லாவற்றிற்கும் போதாதென்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்னும் அரசவைக் குழுக்களைப் பழந்தமிழ் நூல்கள் பேசுகின்றன. பெரியாரைத் துணைக்கோடலென ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தார். செயலாற்றும் குழுக்களுக்குச் சான்று வேண்டுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நோக்குக. முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவை, அவ்வூர்ப் பிராமண சபையார் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்பவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையினாலே தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பதவிக்காலம் 360 நாள். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் குடவோலைக்குத் தகுதியற்றவராவர். இவ்விறுதி விதியை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அதற்கு மீள்வாம்.

இக்கால அரசாங்கங்களைச் சூழ்ந்து நிற்கும் குழுக்கள் பலவாயினும் அவற்றை நால்வகையுள் அடக்கலாம். முதலாவது, செயலாற்றும் சபை. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையும், 1958இற் பேருந்துச் சேவைகளைப் பொறுப்பேற்ற இலங்கைப் போக்குவரத்துச் சபையும் இவ்வகையின. இரண்டாவது, தானே முடிவு செய்யும் அதிகாரமுடைய ஆணைக்குழு. மூன்றாவது, ஆலோசனை மாத்திரம் கூறுங் குழு. நான்காவது, நிகழ்ந்ததொன்றை விசாரித்து உண்மை காணும் ஆணைக்குழு. 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுச் சட்டம் இதற்குச் சாட்சிகளை அழைப்பிக்கவும் சத்தியத்தின்மேற் சாட்சியம் பெறவும் அதிகாரமளிக்கின்றது. பெயரளவில் யாவும் குழுக்களே. ஆயின் ஒன்றற்குக் கையுண்டு. பிறிதொன்றற்கு வாய்மட்டுமே உண்டு. இவ்வேறுபாட்டை மறந்து பேசுதலே இப்பொருள்பற்றிய மயக்கங்கள் பலவற்றுக்குக் காரணமாகும்.

குழுக்களின் கையில் ஆட்சியையே ஒப்படைத்துப் பார்த்த நாடு நம் நாடு. 1927இல் நியமிக்கப்பெற்று 1928இல் அறிக்கை வெளியிட்ட டொனமூர் ஆணைக்குழுவினர், இலண்டன் நகராட்சி மன்றத்தின் குழுமுறையை யொட்டி, அரசாங்க சபை உறுப்பினரை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பகுக்குமாறு விதந்துரைத்தனர். 1931 முதல் 1947 வரை அம்முறை நிலவிற்று. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்தது, அத்தலைவரே மந்திரியாயினார். எல்லா உறுப்பினரும் நிருவாகம் பயில இடமுண்டாயிற்று என்பது அம்முறையின் சிறப்பு. பலரும் சேர்ந்து முடிவு செய்தமையால் முடிவுக்குப் பொறுப்பாளர் யாரெனத் தெளியாதிருந்தமை அதன் குறை. சிறுபான்மையோருக்கும் ஆட்சியிற் பங்கு கிடைக்குமென்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. 1936இல் ஏழு குழுக்களும் தெரிந்த தலைவர் எழுவரும் பெரும்பான்மைச் சமூகத்தவராகவே அமைந்தனர். குழுவாக இருத்தல் ஒன்றினாலேயே நீதி விளைந்துவிடாதென்பதை அவ்வாண்டு காட்டிற்று.

அதே முறையினுள்ளே நற்பயன் விளைந்த வரலாறும் உண்டு. கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் தலைமையில் 1940இல் அமைந்த கல்விக்கான விசேட குழு 1943இல் அறிக்கை அளித்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாகக் கட்டணமின்றிக் கல்வி வழங்கல் வேண்டுமென்னும் கொள்கை அதனோடு இணைந்து வளர்ந்து 1945இல் நடைமுறைக்கு வந்தது. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் பலர் இன்று கல்லூரி வாயிலுள் நுழைவது அக்குழுவின் பயனாலேயாம். அவ்வறிக்கை ஏட்டளவில் நின்றுவிடாமைக்குக் காரணம் யாது? ஆராய்ந்தவரே நிறைவேற்றும் பொறுப்பிலும் இருந்தார். தாம் கூறியதற்குச் சபையிலே நின்று விடையிறுக்க வேண்டியவராயும் இருந்தார். எல்லா ஆலோசகருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.

இனி, முடிவு செய்யும் ஆணைக்குழு வெறும் ஆலோசனைச் சபையாகத் தேய்ந்த வரலாற்றைக் காண்பாம். 1947இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பு, அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை என்பவற்றை மந்திரிமாரிடம் விடாது மூவரைக் கொண்ட பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. மூதவை உறுப்பினரோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ அதில் இடம்பெற முடியாது. அரசியற் காற்று எத்திசையில் வீசினும் எழுதுவினைஞன் தன் மேசையில் அஞ்சாது இருக்கவேண்டுமென்பதே அதன் கருத்து. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு அவ்வாணைக்குழுவை நீக்கி, அதிகாரத்தை மந்திரிசபையிடம் சேர்த்தது. நீக்கப்பெற்றதன் இடத்திலே அரச சேவை ஆலோசனைச் சபையும் அரச சேவை ஒழுக்காற்றுச் சபையும் தோன்றின. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பொதுச்சேவை ஆணைக்குழு என்னும் பெயரை மீட்டது. எனினும் அதிகாரம் மந்திரிசபையிடமே இருந்தது. அது கையளித்த அளவே ஆணைக்குழுவுக்கு உரியதாயிற்று.

2001இல் நிறைவேறிய 17ஆவது திருத்தம் இந்நிலையை மாற்ற முயன்றது. அரசியலமைப்புப் பேரவை எனப் பதின்மர் கொண்ட அவையொன்றை அது படைத்தது. அப்பேரவையின் விதப்புரையின்றி ஆணைக்குழுக்களுக்கு எவரையும் சனாதிபதி நியமித்தல் ஆகாதென விதித்தது. 2010இல் வந்த 18ஆவது திருத்தம் அதனை ஒழித்து, ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை வைத்தது. அதனிடமிருந்து சனாதிபதி பெறவேண்டியது அவதானிப்பு மாத்திரமே. 2015இல் 19ஆவது திருத்தம் விதப்புரையை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் மீளவும் அவதானிப்புக்குத் திரும்பிற்று. 2022இல் 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பவும் நிறுவிற்று. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து திருத்தங்கள்! அவற்றின் பிற கூறுகள் பலவாயினும், இப்பொருளைப் பொறுத்தவரை எழுந்த பிணக்கு ஒரு சொல்லைப் பற்றியதே. விதப்புரை என்பது கட்டுப்படுத்தும். அவதானிப்பு என்பது கேட்டபின் கைவிடத்தக்கது. நாட்டின் சட்டத்தைப் படிப்போர் பெயரை நோக்காது வினைச்சொல்லை நோக்கல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

வினைச்சொல் நன்றாயிருந்தும் பயன்படாதுபோதலும் உண்டு. 17ஆவது திருத்தத்தின்கீழ் அமைந்த பேரவையின் பதவிக்காலம் 2005இல் முடிந்தபின் அது மீள அமைக்கப்படாமலே, 2010இல் ஒழிக்கப்பெறும்வரை வெறுமையாய்க் கிடந்தது. கதவு திறந்திருக்கக் கதிரையில் இருப்பார் இல்லாத சபையும் இல்லாத சபையே.

விசாரணை ஆணைக்குழுக்களின் கதை இதனினும் துயரமானது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தை விசாரித்த முன்னாட் பிரதம நீதியரசர் சன்சோனி அவர்களின் அறிக்கை 1980இல் வெளியாயிற்று. 1983இல் அதனினுங் கொடிய கலவரம் மூண்டது. 2006இல் நியமிக்கப்பெற்ற உடலாகம ஆணைக்குழுவின் பணி 2009இல் முடிவுற்றது. அதன் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பெற்றது 2015இலேயாம். 2010இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையோ 2011 டிசம்பரிலேயே பாராளுமன்றத்தை அடைந்தது. அதன் முன்னே வந்து மகனைத் தேடியும் கணவனைத் தேடியும் சாட்சியம் பகர்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது அறிக்கையன்று, விடை. ஒருவன் துயரைக் கேட்டெழுதி, அவ்வேட்டைப் பூட்டிவைத்தல், கேளாது விடுதலினுங் கொடிதென்பதை அனுபவித்தோர் அறிவர்.

விசாரணைக் குழு வாளாக மாறுவதும் உண்டு. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த விசேட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முடிவைக் கொண்டு, முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களின் குடியியல் உரிமைகள் 1980இல் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பெற்றன. ஆளுங்கட்சி நியமித்த குழு, எதிர்க்கட்சித் தலைவி ஒருவரைத் தேர்தற் களத்தினின்றும் விலக்குதற்கு வழி செய்தது. ஆகவே நியமிப்பவர் யாரென்னும் வினாவைத் தள்ளிவிட்டுக் குழுவின் அதிகாரத்தை மட்டும் பெருக்குதலும் ஆபத்தாகும்.

அங்ஙனமாயின், எல்லா ஆலோசனைக் குழுக்களுக்கும் கட்டளையிடும் அதிகாரம் வழங்கிவிடலாமா? ஆகாது. மக்கள் வாக்களித்தது மந்திரிமாரின் கட்சிக்கு, குழு உறுப்பினருக்கன்று. வாக்காளர் தேராத சிலர் கூறுவதனைத்தும் சட்டமாகுமெனின் அது குடியாட்சியாகாது. வைத்தியர் மருந்தெழுதலாம், உண்பிக்க அவருக்கு உரிமையில்லை. ஆலோசனையை மறுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு வேண்டும். மறுத்ததற்குக் காரணங் கூறாதிருக்கும் உரிமைதான் வேண்டுவதன்று. எமது கருத்தின் சாரம் இதுவே.

இது கற்பனையான யோசனையன்று. இதற்கான விதைகள் நமது சட்டங்களிலேயே உள. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பொதுச்சேவை ஆணைக்குழுவைக் குலைத்ததாயினும், கீழ்நிலை நீதிபதிகளின் நியமனத்தில் நல்விதியொன்றை வைத்திருந்தது. நீதிச் சேவை ஆலோசனைச் சபை விதந்துரையாத ஒருவரை மந்திரிசபை நியமிப்பின், அதற்கான காரணத்தைத் தேசிய அரசுப் பேரவையின் முன் வைத்தல் வேண்டும் என்பதே அது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்கீழ் நிதி ஆணைக்குழு ஒன்று உண்டு. மத்திய வங்கியின் ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பெருஞ் சமூகங்களின் சார்பில் மூவர் ஆக ஐவர் அதில் உளர். மாகாணங்களுக்கு நிதி பகிர்தல்பற்றி அவர்கள் கூறும் ஒவ்வொரு விதப்புரையையும் சனாதிபதி பாராளுமன்றத்தில் வைப்பித்து, அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் அறிவித்தல் வேண்டுமென அரசியலமைப்பு விதிக்கின்றது. இவ்விரு விதிகளும் அரசாங்கத்தின் கையைக் கட்டவில்லை. அதன் வாயைத் திறப்பித்தன. எல்லா ஆணைக்குழுக்களுக்கும் இத்தகைய விதியை விரித்தல் அரிய செயலன்று. அறிக்கை கிடைத்து இத்தனை மாதத்துள் அதனை வெளியிடுக. ஏற்றது இது, ஏற்காதது இது, ஏற்காமைக்குக் காரணம் இதுவெனப் பாராளுமன்றத்திற் கூறுக. இவ்வளவே வேண்டுவது.

உத்தரமேரூர் விதிக்கு இப்போது மீள்வாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே ஓர் ஊர்ச் சபையார், கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் பதவியில்லையெனக் கல்லிலே வெட்டினர். ஏரியைக் காத்தவன் திறமையுடையவனா என்பதொடு அவர்கள் அமைந்திலர். செய்ததற்குக் கணக்கு எங்கேயெனவுங் கேட்டனர். அந்நாளைய வாரியத்தார் சபைக்குக் கணக்குக் காட்டினர். இந்நாளைய ஆணைக்குழுக்கள் அறிக்கை மூலம் தம் கணக்கைக் காட்டிவிடுகின்றன. கணக்குக் காட்டாதிருப்பது அவற்றை நியமித்த அரசாங்கமே.

வகுப்பிலே வினவிய மாணவனுக்கு அன்று கூறாதுவிட்ட விடையை இங்கே கூறி முடிப்பாம். ஆணைக்குழு சொன்னதை அரசாங்கம் ஏற்காதுவிடின் சட்டத்தினால் நேர்வது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆயின் அறிக்கையைத் தேடிப் படித்து, ஏற்காமைக்குக் காரணம் யாதெனக் கேட்கும் குடிமக்கள் உளராயின், கேளாதிருத்தல் அரசாங்கத்துக்கு எளிதாயிராது. அறிக்கைகள் நூலகங்களில் தூசிபடிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் படிக்கும் கைகள் எம் மாணவரின் கைகளாகுக.