சிறு வயதில் இதய அறுவை சிகிச்சை செய்தவர்கள் கவனத்திற்கு



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களிடம் பழைய நோய் ஏதும் உண்டா என்று கேட்போம். “சின்ன வயசுல இதயத்துல ஓட்டை இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிட்டோம், இப்ப ஒண்ணுமில்லை” என்று சிலர் சொல்வார்கள். கடைசியாக எப்போது இதய மருத்துவரிடம் காட்டினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பிறவி இதயக் கோளாறுகளில் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்பது ஒன்று. 1888இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டையும், நுரையீரலுக்கு இரத்தம் போகும் பாதையில் குறுக்கமும் இருக்கும். அசுத்த இரத்தம் உடலுக்குள் போவதால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1954இல் அமெரிக்காவில் லில்லிஹை குழுவினர் இதை முதன்முதலாக முழுமையாகச் சரிசெய்தனர். அல்ஹம்துலில்லாஹ், இன்று அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகி விடுகிறார்கள்.

ஆனால் குறுகிய பாதையை அகலப்படுத்தும்போது, அங்குள்ள வால்வு பலருக்கு முழுதாக மூடாமல் போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வலது கீழ் அறைக்கே திரும்பும். அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி, பல வருடங்களில் அந்த அறை விரிந்துவிடும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை, “நம் உடம்புவாகு இப்படித்தான்” என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். அளவு மீறி விரிந்த அறை, பிறகு வால்வு மாற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். மாற்று வால்வும் சில வருடங்களில் தேய்வதால், தேவையில்லாமல் முன்கூட்டியே மாற்றுவதும் சரியல்ல. தக்க நேரம் எது என்பதை எக்கோ, இசிஜி, எம்ஆர்ஐ பரிசோதனைகளே காட்டும்.

ஆகவே, நலமாக இருந்தாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் வந்தால் தாமதிக்க வேண்டாம். பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் அறுவை சிகிச்சை விவரத்தைச் சொல்லுங்கள். சிலருக்கு முன்கூட்டியே மருந்து தர வேண்டியிருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்காஹ் பேசும்போது இதை மறைக்காதீர்கள். மறைத்து அனுப்பப்படும் பெண், புகுந்த வீட்டில் பயந்துகொண்டு பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிடுவாள். இத்தகைய பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரின் ஆலோசனை அவசியம். உண்மையைச் சொன்னால் ஒரு சம்பந்தம் தட்டிப்போகலாம். மறைத்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பரிசோதனைச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் கையில் இருக்கும் சீட்டுகளுடன் நம் அலுவலகத்திற்கு வாருங்கள். நம்மால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.

– செயலாளர்