வாடிய இலையும் வார்க்கும் நீரும்

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்திற்குக் குடிவரும் குடும்பத்தினர் பாத்திரம் பண்டங்களோடு ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ, துளசியையோ, மல்லிகைப் பதியனையோ கொண்டுவருவதுண்டு. கரமனை, கோட்டைக்ககம் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளிலும், இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அவற்றைத் தொட்டிகளில் வைத்துப் பேணுகிறோம். ஊரிலே தழைத்த செடி இங்கே இலை தொங்கி நின்றால் நமக்கு மனம் பொறுப்பதில்லை. உடனே ஒரு செம்பு நீர் வார்க்கிறோம். மறுநாளும் வாடியிருந்தால் இரண்டு செம்பு வார்க்கிறோம். சில நாட்களில் செடி மடிந்துவிடுகிறது. "தண்ணீர் விட்டும் பிழைக்கவில்லையே" என்று வருந்துகிறோம். தண்ணீர் விட்டதனாலேயே அது பிழைக்கவில்லை என்பதே பல வேளைகளில் உண்மை. இஃது எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம்.

இலையின் நுண்ணறைகள் நீரால் நிரம்பி விறைப்பாக இருக்கும்வரை இலை நிமிர்ந்து நிற்கும். வேர் உறிஞ்சி அனுப்பும் நீரை, இலையிலுள்ள நுண்துளைகள் ஆவியாக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு செலவுக்குக் குறைந்தால் விறைப்புத் தளர்ந்து இலை தொங்குகிறது. ஆகையால், இலைக்கு நீர் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே வாட்டம் நமக்கு அறிவிக்கிறது. மண்ணில் நீர் இல்லை என்று அஃது அறிவிப்பதாகக் கொள்வது நம் தவறு.

இந்தச் செலவைத் துல்லியமாக நிறுத்துக் கண்டவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1724-ஆம் ஆண்டில் அவர் தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடி ஒன்றை எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதவாறு தொட்டியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, காலையிலும் மாலையிலும் எடை பார்த்தார். பகற்பொழுதில் சராசரி 20 அவுன்சு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் செலவாயிற்று. வெப்பமான வறண்ட இரவில் ஏறத்தாழ 3 அவுன்சு குறைந்தது. பனி படிந்த இரவிலோ எடை குறையவேயில்லை. 1727-இல் இம்முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

காற்றில் ஈரம் மிகுந்தால் செடியின் நீர்ச்செலவு குறையும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். திருவனந்தபுரமோ கடலோர நகரம். ஜூன் மாதத்தில் இடவப்பாதி மழையும், அக்டோபரில் துலாவர்ஷமும் இங்கே பெய்கின்றன. அதே ஜூன், ஜூலையில் மலைக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சமவெளியில் வறண்ட காற்று வீசும். அங்கே காலை மாலை நீர் வார்த்துப் பழகிய கை, இங்கும் அதே கணக்கைத் தொடர்ந்தால் தொட்டி சேறாகிவிடும்.

சேற்றில் வேருக்கு என்ன நேர்கிறது? வேரும் உயிர்ப்பது, அதற்கும் பிராணவாயு வேண்டும். மண்துகள்களின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால், பிராணவாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு குறைந்துவிடும். மூச்சு முட்டிய வேர், நீரின் நடுவே இருந்தும் நீரை உறிஞ்ச மாட்டாமல் தவிக்கும். அந்நிலையில் அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் பற்றிக்கொள்ளும். கேரளத்து மிளகுக் கொடிகளை மழைக்காலத்தில் தாக்கும் துரித வாட்டம் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அந்நோயின் வித்துக்கள் மண்ணின் ஈரத்தில் நீந்திச் சென்று வேரை அடைகின்றன.

ஆகவே, செம்பை எடுப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, வேளையைக் கவனியுங்கள். உச்சிவெயிலில் தொங்கிய இலை மாலையிலோ மறுநாள் விடியலிலோ தானே நிமிர்ந்தால் கவலை இல்லை. விடியற்காலையிலும் தொங்கினால் குறை உண்டு.

இரண்டாவது, மண்ணில் இரண்டு அங்குல ஆழத்திற்கு விரலை விட்டுப் பாருங்கள். இவ்வூரார் சகிரிச்சோறு என்று வழங்கும் தேங்காய் நார்த்தூளைக் கலந்த தொட்டிகளில் மேற்பரப்பு உலர்ந்து தோன்றும். உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். சிறு தொட்டியாயின் தூக்கிப் பார்த்தே அறியலாம். நீர் வார்த்தபோது இருந்த கனத்தையும் உலர்ந்தபோது இருக்கும் கனத்தையும் கை விரைவில் பழகிக்கொள்ளும்.

மூன்றாவது, இலையையும் வேரையும் நோக்குங்கள். நீர் குறைந்த செடியில் இலையோரம் சருகாகும். மண் சுருங்கித் தொட்டியை விட்டு விலகும். நீர் மிகுந்த செடியில் இலை மஞ்சளித்துத் துவளும். மண்ணில் புளித்த நாற்றம் வீசும். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரியும்.

கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள் பச்சை இலையோடு திடீரென்று துவண்டால் பாக்டீரியா வாடலோ என்று ஐயுற வேண்டும். தண்டைக் குறுக்கே அறுத்துக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் பிடித்தால், பால்போன்ற கசிவு இழையாக இறங்கும். அத்தகைய செடியை மண்ணோடு அகற்றுவதே வழி. அமிலத்தன்மை மிகுந்த கேரள மண்ணில் இந்நோய் பரவலாகக் காணப்படுவதால், இதனைத் தாங்கும் சக்தி என்னும் தக்காளியையும், சூர்யா என்னும் கத்தரியையும் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது.

இனிப் பரிகாரம் கூறுவோம். உலர்ந்த தொட்டியில் மேலே வார்க்கும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அதனைத் தொட்டியோடு ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கியதும் எடுத்து வடிய விடுங்கள். நீர் மிகுந்த தொட்டியிலோ முதலில் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேர் அழுகியிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கி, மணல் கலந்த புது மண்ணில் நட்டு, சில நாள் நிழலில் வையுங்கள். தேறும்வரை உரமிட வேண்டாம். மழைக்காலத்தில் தொட்டியை இறவாரத்தின் கீழே நகர்த்துவது நன்று. அடித்தட்டில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். வேருக்கு நலம் என்பதோடு, டெங்கு பரப்பும் கொசுவுக்கும் அங்கே இடமிராது.

ஊரிலிருந்து கொண்டுவந்த கன்று இவ்வூர்க் காற்றிலும் மழையிலும் நன்றாகவே தழைக்கும். நாம் பழைய ஊரின் கணக்கை விட்டு, ஒவ்வொரு நாளும் மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் வார்த்தால் போதும்.